நீலம் மேலுக்கு

கச்சேரி ரோட்டில் டாக்டர் கல்யாணராமனின் டிஸ்பென்சரி மருந்தைக் குடித்து வளர்ந்தவன் நான். டாக்டரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். அவர் காலமானபோது பத்திரிகையிலேயே நாலு வரி வந்தது. நான் எழுத நினைப்பது அவருடைய கம்பவுண்டர் கரீமுல்லாவின் மனைவி ஜமீலுன்னிசாவைப் பற்றி. அவள் தன் வாழ்நாளில் தெருவில் ஓடியது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றி அவளே பல வருஷம் கழித்து என் தாயாரிடம் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

டிஸ்பென்சரியின் பின்கட்டில் இரண்டு அறை. அதுதான் அவர்கள் வீடு. வீடு டாக்டருடையது. கம்பவுண்டர் வேலை இருக்கிறவரை குடியிருக்கலாம் என்று ஏற்பாடு. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷம் ஜமீலுன்னிசா அந்தக் கதவுக்குப் பின்னால் சமைத்தாள், துவைத்தாள், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் யாருக்கு மலச்சிக்கல், யாருக்கு மூலம், எந்த மாமிக்கு மாமியார் வந்தால் மட்டும் தலைவலி வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த வியாதிக்காரர்களின் முகத்தைத்தான் அவள் பார்த்ததில்லை. வெளியே போவதென்றால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திரை கட்டிய ரிக்ஷாவில் போவாள். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.

கரீமுல்லாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கையெழுத்துக்கூடத் தெரியாத ஜனங்கள்தான் டிஸ்பென்சரிக்கு நிறைய வந்தார்கள். சீட்டில் இங்கிலீஷில் எழுதி ஒட்டினால் அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு தடவை, புண் கழுவக் கொடுத்த பாதரச லோஷனை ஒரு வண்ணான் குடித்துவிட்டான். அது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், வாசனையும் கிடையாது. அவன் பிழைத்ததே பெரிய காரியம். அன்றைக்கு இரவு கரீமுல்லா சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டரிடம் போய் ஒரு யோசனை சொன்னார். மேலுக்குப் போடுகிற விஷ லோஷனில் நீலச்சாயம் கலந்துவிடலாம், குடிக்கிற மருந்து எதிலும் நீலம் கூடாது என்றார். டாக்டர் சரி என்றார்.

அன்றிலிருந்து டிஸ்பென்சரியில் ஒரு சட்டம் வந்தது. எந்த மருந்து வாங்கினாலும், "நீலம் மேலுக்கு, மத்ததெல்லாம் உள்ளுக்கு" என்று மூன்று தடவை சொன்னால்தான் கரீமுல்லா பாட்டிலைக் கையிலிருந்து விடுவார். கூலிக்காரனும் சொல்லவேண்டும், ஹைகோர்ட் வக்கீலும் சொல்லவேண்டும். ஒரு வக்கீல் கோபித்துக்கொண்டு பாட்டிலை வைத்துவிட்டே போய்விட்டார், சாயங்காலம் இருமிக்கொண்டே திரும்பி வந்து சொல்லிவிட்டு வாங்கிப் போனார். நானும் ஐந்து வயதில் மழலையில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய்ப்பாடு மறந்தது, இது மறக்கவில்லை.

இதெல்லாம் யுத்தத்துக்கு முந்திய கதை. நாற்பத்து மூன்றாம் வருஷம் கரீமுல்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்தது. ஆவணி வாக்கில் அவர் சாப்பாட்டைத் தட்டிலேயே விட ஆரம்பித்தார். குழம்பில் நனைந்த சோறு மட்டும் உள்ளே போகும். வெள்ளைச் சோறு அப்படியே கிடக்கும். ஜமீலுன்னிசா முதலில் உப்பு அதிகமோ என்று நினைத்தாள். பிறகு ரேஷன் அரிசி பிடிக்கவில்லையோ என்று நினைத்தாள். பிறகு தன்னைத்தான் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்து ஒரு நாள் அழுதாள். கேட்டால், "போட்டதைத் தின்னுட்டேனே" என்பார்.

ஒரு நாள் வெள்ளைப் பீங்கான் தட்டு கைதவறி விழுந்து உடைந்தது. வேறு தட்டு கழுவாமல் கிடந்ததால், அவசரத்துக்குக் கருத்த மண்சட்டியில் சோற்றைப் போட்டு வைத்தாள். கரீமுல்லா ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, "இன்னைக்குத்தான் வயிறு ரொம்புச்சு. இத்தினி நாளா சோறே போடாம குழம்பு மட்டும் ஊத்திக்கினு இருந்தியே, ஏன்?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணில் பூ விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் தூரத்துப் பள்ளிவாசல் கடிகாரத்தில் மணி சரியாகச் சொன்னார், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அவளுக்கு இன்னொரு நினைப்பு வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு பச்சைச் சேலையையும் ஒரு நீலச் சேலையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டில் எது கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம், பச்சையா நீலமா என்று கேட்டாள்.

"ரெண்டும் பச்சைதானே" என்றார் கரீமுல்லா. "இதுல நீலம் எங்க கீது?"

அவர் குரலில் எரிச்சல் இருந்தது. அவள் சேலைகளை மடித்து வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மருந்து அலமாரியில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒன்றில் காய்ச்சல் மிக்ஸ்சர், நல்ல பச்சை. இன்னொன்றில் பாதரச லோஷன், நல்ல நீலம்.

அவள் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதில் அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை, அவளும் யாரையும் வாங்கச் சொன்னதில்லை. சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடு போகும். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. முப்பது வருஷமாக ஒரு பிழை செய்யாத மனிதரை, பச்சை எது நீலம் எது என்று தெரியாதவர் என்று நாலு பேர் முன்னால் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. மேலும் அலமாரியில் நீல ஜாடி எப்போதும் இடது கோடியில், தனியாக இருக்கும். பழகின கை தப்பாது என்று நம்பினாள்.

ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. மத்தியானம் டிஸ்பென்சரி மூடியிருக்கும் நேரம் பார்த்துப் போய், நீல ஜாடியின் கழுத்தில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கயிறு கட்டினது மேலுக்கு, கை வைத்ததுமே தெரிந்துவிடும் என்று அவரிடம் சொன்னாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். ஜாடி துடைக்கும்போது தனக்கு அடையாளம் வேண்டும் என்று பொய் சொன்னாள். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு தினமும் கதவிடுக்கு வழியாகக் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவர் மற்றவற்றிலும் தடுமாற ஆரம்பித்திருந்தார். செத்துப்போன தம்பிக்கு ஒரு டம்ளர் டீ போடச் சொன்னார். ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு தடவை ஜும்மாவுக்குக் கிளம்பினார்.

அக்டோபரில் அந்த மழை பிடித்தது. அந்த வருஷத்து மழையைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். கால்வாய் கரைமீறி, கரையோரக் குடிசைகள் எல்லாம் தண்ணீரில் போயின. ஊரெங்கும் காய்ச்சல். டிஸ்பென்சரிக் கூரை ஒழுகி, அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் ஊறி விழுந்தன. டாக்டர் ஜாடிகளை எல்லாம் இறக்கி, நனையாத மூலையில் ஒரு பெஞ்சியின் மேல் வரிசையாக வைத்துவிட்டார். இடது கோடி, வலது கோடி எல்லாம் போயிற்று. பச்சையும் நீலமும் தோளோடு தோள் உரசி நின்றன. நடுவில் அந்தச் சணல் கயிறு ஒன்றுதான் காவல்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரை மணி. டாக்டர் சீட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு அடையாற்றுப் பக்கம் வியாதிக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிப் போயிருந்தார். டிஸ்பென்சரி மூடியாயிற்று. கரீமுல்லா சாப்பிட உட்கார்ந்தார். ஜமீலுன்னிசா சோற்றை மண்சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் முன்கட்டை எட்டிப் பார்த்தாள். நீல ஜாடியின் கழுத்தில் கயிறு இல்லை.

கயிறு எங்கே என்று கேட்டாள். எந்தக் கயிறு என்றார். ஜாடியில் கட்டியிருந்த கயிறு என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"கால்வாக்கரை முத்தம்மா வந்துச்சு" என்றார் கடைசியில். "புள்ளைக்குக் காய்ச்சல். இடுப்புல புள்ளை, தலையில மூட்டை. பாட்டிலை எப்பிடிப் புடிக்கும் பாவம்? அதான் கயிறை அவுத்து, பாட்டில் கழுத்துல கட்டி, வெரல்ல மாட்டி வுட்டேன்."

"எந்த ஜாடியிலேருந்து ஊத்துனீங்க?"

"பச்சையிலேருந்துதான். காய்ச்சலுக்குப் பச்சை. இது தெரியாதா எனக்கு?"

அவள் முன்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பச்சை ஜாடி, டாக்டர் கிளம்புமுன் புதிதாகக் கலந்து நிரப்பி வைத்தபடி, கழுத்துவரை இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நீல ஜாடியில் ஒரு பாட்டில் அளவு குறைந்திருந்தது. பெஞ்சியில், அளவுக் காகிதம் வெட்டி எடுத்த துண்டுகள் கிடந்தன. குடிக்கிற மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டி ஒட்டுகிற காகிதம் அது. ஒரு பல் ஒரு வேளை. கரீமுல்லா அந்த விஷத்தைக் குழந்தைக்கு வேளை பிரித்தும் கொடுத்துவிட்டார்.

முத்தம்மா எத்தனை மணிக்கு வந்தாள் என்று கேட்டாள். பதினொன்று என்றார், பிறகு ஒன்பது என்றார். காய்ச்சலுக்கு முதல் வேளையை வீட்டுக்குப் போனதும் கொடுக்கவேண்டும் என்பது கதவுக்குப் பின்னாலிருந்தே அவளுக்குத் தெரியும். வண்ணான் பெரிய ஆள், அவன் தப்பியதே பெரும்பாடு. முத்தம்மாவின் குழந்தைக்கு இரண்டு வயது.

அவள் வெளியே ஓடினாள். துப்பட்டி கொடியிலேயே கிடந்தது. மூலையில் வேலு தன் ரிக்ஷாவோடு மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான். அவள் அவன் ரிக்ஷாவில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள், ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். யாரென்று தெரியாமல் விழித்தான். கம்பவுண்டர் வீடு என்று சொன்னதும் பதறிப்போய் ரிக்ஷாவைத் திருப்பினான். கால்வாய்க்கரைக்கு விடு என்றாள்.

அங்கே கரையே இல்லை, குடிசைகளும் இல்லை, ஜனங்களைப் பாதிப் பேரை மந்தைவெளிப் பள்ளிக்கூடத்துக்கும் பாதிப் பேரைச் சாந்தோம் பக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று வேலு சொன்னான். முத்தம்மா எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியாது. கிழக்கே போனால் சாந்தோம், தெற்கே போனால் மந்தைவெளி. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போக நேரம் இருக்காது. ஜமீலுன்னிசா ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்து, முத்தம்மாவைப் பற்றிக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். போன மாசம் முத்தம்மா, மந்தைவெளியில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்ப்பதாகவும், சோப்புக்காரம் பட்டுக் கை வெந்துவிட்டதாகவும் சொல்லி மருந்து கேட்டாள். பிழைப்பு இருக்கிற பக்கம்தான் போயிருப்பாள். மந்தைவெளி என்றாள் வேலுவிடம்.

மாட வீதியில் முழங்கால் தண்ணீர். ரிக்ஷா சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. வேலு இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அவள் இறங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தாள், தண்ணீர் குறைந்த இடத்தில் ஓடினாள். கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பள்ளிவாசலில் தொழுகிற ஆட்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள், அடையாளம் கண்டுகொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவளுக்கு வெட்கப்பட நேரமில்லை. தெரிந்தும் சும்மா இருந்தாயே, தெரிந்தும் சும்மா இருந்தாயே என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதைக் கொன்றது அவர் இல்லை, தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வகுப்பறை, தாழ்வாரம் எங்கும் ஈரத்துணி, அடுப்புப் புகை, இருமல். இருபத்தேழு வருஷத்தில் அந்நிய ஆண்பிள்ளை காதில் விழும்படி பேசாதவள், தாழ்வாரத்தில் நின்று, "முத்தம்மா, முத்தம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ கடைசி அறையைக் காட்டினார்கள்.

முத்தம்மா அங்கே இல்லை. ஜன்னலோரம் ஒரு கோணியின் மேல் குழந்தை கிடந்தது. அசையவில்லை. ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றில் அந்தப் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நீல மருந்து, அளவுக் காகிதத்தில் சரியாக ஒரு பல் கீழே இறங்கியிருந்தது.

ஜமீலுன்னிசா மண்டியிட்டுக் குழந்தையின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். அனலாக மூச்சு வந்தது. வாயைத் திறந்து பார்த்தாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அதற்குள் குடத்தோடு வந்த முத்தம்மா, முன்பின் பார்க்காத ஒருத்தி தன் குழந்தை வாயில் விரலை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். கம்பவுண்டர் வீடு என்று இவள் சொன்னதும்தான் அவளுக்கு யாரென்று தெரிந்தது.

"அந்த மருந்தைக் குடிக்கக் குடுத்துட்டியா?"

"இன்னாம்மா நீ?" என்றாள் முத்தம்மா. "நீலத்தை யாராச்சும் குடிக்கக் குடுப்பாங்களா? கம்பவுண்டர் நைனாவே மூணு வாட்டி சொல்லச் சொல்லி, அப்பால தானே பாட்டிலைக் குடுத்தாரு. காய்ச்சலுக்குக் கேட்டா மேலுக்குக் குடுக்கறாரேன்னு நெனச்சேன். அப்பால பாத்தா, புள்ள காலெல்லாம் சேத்துப்புண்ணு. அதைப் பாத்துட்டுத்தான் குடுத்துகீறாருன்னு ஒரு வேளை எடுத்துக் கழுவி வுட்டேன்."

குழந்தையின் காலில் புண்ணெல்லாம் சுத்தமாக இருந்தது. ஜமீலுன்னிசா முத்தம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முத்தம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய வீட்டம்மாவுக்கு மழையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள்.

டாக்டர் திரும்பி வந்தபோது ஜமீலுன்னிசா நனைந்த சேலையோடு டிஸ்பென்சரி வாசலிலேயே நின்றாள். பாட்டிலை அவர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, சேலை, கயிறு எதையும் விடவில்லை. டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"இருவது நாளுக்கு மேல கீது, டாக்டரய்யா."

"தெரிஞ்சும் வாயை மூடிண்டிருந்தேளா?"

"ஆமாங்க" என்றாள்.

டாக்டர் பச்சை மருந்தைத் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டு மந்தைவெளிக்குக் கிளம்பினார். குழந்தைக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் அன்றைக்கே திரும்பி வந்து கரீமுல்லாவிடம் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். கண்ணில் கோளாறு இல்லை, கண் பார்ப்பதை மூளை வாங்கிக்கொள்ள மறுக்கிறது, மறதியும் அதோடு சேர்ந்ததுதான், இன்னும் மோசமாகும் என்று ஜமீலுன்னிசாவிடம் தனியாகச் சொன்னார். வீட்டைக் காலி செய்யவேண்டாம் என்றார். புதுக் கம்பவுண்டர் வந்தான். பாட்டில் கழுவிக் கொடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. கரீமுல்லா மேலும் ஐந்து வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் அவளையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதையெல்லாம் என் தாயாரிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதது சாவி வாங்கிய அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னபோதுதான்.

அன்றைக்கு மண்சட்டியில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். சாவி போனதை அவர் அதற்குள் மறந்திருந்தார். முத்தம்மாவின் பாட்டிலில் தப்பு மருந்து போய்விட்டது, ஆனால் நீலம் மேலுக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் குழந்தை பிழைத்தது என்று மெதுவாகச் சொன்னாள். யார் ஊற்றியது என்பதைச் சொல்லவில்லை.

கரீமுல்லா பிசைந்த கையை நிறுத்தினார்.

"நீலம் மேலுக்குன்னு அந்தப் பொம்பளைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒரு கம்பவுண்டர்" என்றாள்.

"கெட்டிக்காரன்" என்றார் கரீமுல்லா. "நம்ம டாக்டர்கிட்ட சொல்லி அந்தாளை இங்க வேலைக்கு வச்சுக்கச் சொல்லு."